சிரிக்கிற ஷாட்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்று வருடத்தில், சாய்வு நாற்காலியை விட்டு எழாமலே நானூறு படம் எடுத்துவிட்டேன். தயாரிப்பாளர் தொல்லையே கிடையாது. திரைக்கதையை நான் எழுதிக் கொடுத்தால், சொன்ன முகத்தை வைத்து, வீட்டிலிருக்கும் பேசும் கணினிப் பெட்டியே படமாக்கிவிடும். நானூறாவது படத்தில் கதாநாயகனுக்கு என் முகம். கடைசிக் காட்சியில் அவனைப் பாடையில் படுக்க வைத்தேன். ஊரே அழுதது, ஓரமாக நின்ற எருமைகூட அழுதது!

"பிணமா நடிச்சவங்க எழுந்து சிரிக்கிற மாதிரி ஒரு ஷாட் எடுப்பாங்களே, எடுத்தீங்களா?" என்றாள் என் மனைவி மரகதம். "எடுக்கலைன்னா ஆயுசுக்கு ஆகாதாம்."

"அடியே, அது நிஜ நடிகனுக்கு!" என்று வயிறு குலுங்கச் சிரித்தேன்.

"முகம் உங்களோடதுதானே? எடுங்க."

அவளுக்காகப் பெட்டியிடம் கேட்டேன்.

"எடுத்தாச்சு ஐயா," என்றது.

திரையில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இதே நாற்காலி, இதே கட்டம் போட்ட துண்டு, பக்கத்தில் மரகதம்.

"இது இவர் இப்பச் சிரிச்சது. பாடையில படுத்தவர்தானே சிரிக்கணும்?" என்று மரகதம் அதட்டினாள்.

"படுத்தவர்தாம்மா சிரிச்சார்," என்றது பெட்டி.

மரகதம் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.