காலருக்குள் சிவப்பு நூல்

படைப்பிரிவின் பழம்பொருள் கிடங்கில் பூச்சி உருண்டை நெடி மூக்கைத் துளைக்கிறது. கிடங்குக்காரர் பழைய கோட்டு ஒன்றை மேசைமேல் விரித்து, அதன்மேல் ஒரு தகட்டை வைக்கிறார்.

"செத்தவர் கழுத்துல இருந்த தகடும்மா. நம்பர் உங்க சித்தப்பாவோடதுதான். கோட்டும் அவர் போட்டிருந்ததுதான்."

சித்தப்பாவின் முடிவைத் தேடி எத்தனையோ அலுவலகம் ஏறி இறங்கியவள் காலரைத் திருப்பிப் பார்க்கிறாள். அப்பாவும் சித்தப்பாவும் அச்சு அசல் ஒன்றாயிருந்த இரட்டையர்கள். துணி மாறிப்போகாமலிருக்க, பெற்றவள் அவர்களுடைய காலருக்குள் நூலோட்டித்தான் போருக்கு அனுப்பினாளாம். மூத்தவனுக்குச் சிவப்பு, இளையவனுக்கு நீலம். இதில் ஓடுவது சிவப்பு.

"அவசரத்துல கோட்டு மாறியிருக்கும்," என்கிறார் கிடங்குக்காரர்.

அவள் அம்மாவின் வயிற்றிலிருந்தபோது போருக்குப் போன இருவரில், மூத்தவர் மட்டும் திரும்பி வந்தார். வந்த அப்பா இப்போது சன்னல் வெளிச்சத்தில் முதுகைக் காட்டி நிற்கிறார். கோட்டின் பக்கம் அவர் பார்வை போகவேயில்லை.

"அப்பா."

சற்றுமுன் சாவிக்கொத்தின் சத்தத்துக்கே திரும்பியவர் அசையவில்லை. வெயிலில் தூசி சுழல்கிறது. அவள் காலரை மடித்து விடுகிறாள். மூச்சோடு மூச்சாகத்தான் அடுத்த சொல் வருகிறது.

"சித்தப்பா..."

"என்னம்மா?" என்று அவர் திரும்புகிறார்.