மராமத்துப் பார்த்தால் அரண்மனை

வாசல் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டதும், ஜாஸ்பர்தான் வந்துவிட்டான் என்று ஹேமாவதி பாதிப்படி இறங்கிவிட்டாள்.

அப்புறம்தான் சித்தப்பா கர்ணனின் இருமல் கேட்டது.

சத்தமில்லாமல் வந்த வழியே மச்சுக்கு ஏறினாள்.

போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவர் அந்தக் காலத்தில் கட்டிய வீடு. விலைக்கு வந்தும் சீந்துவாரில்லாமல் கிடந்தது. அதனால்தான் புரோக்கர் விஜயபாண்டி, சிநேகிதன் ஜாஸ்பருக்காக, கல்யாணம் முடிந்த கையோடு இருவரையும் இங்கே ஒளித்து வைத்திருந்தான். மெட்டு மலைப்பாதை ஏறிக் கேரளாவுக்குப் போக ஜீப் பேசப் போன ஜாஸ்பரை இன்னும் காணோம்.

ஏலக்காய் கொட்டி வைக்கிற பழைய மரப்பெட்டிக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள்.

"தேக்கு உத்தரம்ண்ணே. கொஞ்சம் மராமத்துப் பாத்தா அரண்மனைதான்."

விஜயபாண்டியின் குரல் நடுங்கியது. புரோக்கர் குரல் நடுங்கினால் எவனுக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்.

கர்ணனுக்கு வீடும் வேண்டாம், அரண்மனையும் வேண்டாம். வேதக்காரக் கிறிஸ்தவப் பையனோடு போனவளை வெட்டாமல் விடமாட்டேன் என்று ஊர் நடுவில் சத்தியம் பண்ணிய ஆள். விஜயபாண்டி ஜாஸ்பரின் சிநேகிதன் என்று மோப்பம் பிடித்து, வீடு பார்க்கிற சாக்கில் வந்திருக்கிறார்.

கூடவே இன்னொரு செருப்புச் சத்தம். அந்த நடையை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்பா.

பெத்தவரே கூட வந்துவிட்டாரே என்று நினைத்ததும் பயத்தையும் மீறி அழுகை முட்டியது. துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"மேல என்னப்பா வச்சிருக்க?" சித்தப்பா கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே. படி இத்துப்போச்சு, ஒரு ஆளத் தாங்குறதே பெருசு."

"நீ இரு கர்ணா. நான் பாத்துட்டு வாரேன்."

அப்பா வாய்க்குள்ளேயே சொன்னார். எப்போதும் அப்படித்தான். சந்தையில் அவர் விலை கேட்டால் கடைக்காரன் மறுபடியும் என்னவென்று கேட்பான்.

படி முனகியது. செல்போன் வெளிச்சம் சுவரில் ஊர்ந்தது, பெட்டி மேல் ஏறி இறங்கியது, தரைக்கு வந்து நின்றது.

அங்கே அவளுடைய நீலத் துப்பட்டாவின் நுனி கிடந்தது. வீரபாண்டித் திருவிழாவில் அப்பா வாங்கித் தந்தது.

இழுத்தால் தெரியும். இழுக்காவிட்டாலும் தெரியும். கௌமாரித் தாயே, ஒரே வெட்டாகப் போகட்டும் என்று வேண்டிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பாவின் காலடியில் படாரென்று பலகை முறிந்தது. கீழே மண் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"ஏறாத கர்ணா. மச்சுப் பலகை விட்டுப்போச்சு. இங்கன ஈ காக்கா இல்ல."

வெளிச்சம் போய்விட்டது. பார்த்தாரா, பார்க்கவில்லையா? அவளுக்கு விளங்கவில்லை. துப்பட்டா நுனியை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கீழே புரோக்கரிடம் அப்பாவின் முணுமுணுப்பு.

"இந்த வீட்ட நானே முடிச்சுக்கிறேன் தம்பி. இந்தா அட்வான்ஸ். இனிமே வேற யாருக்கும் காட்டக் கூடாது."

"நாம என்ன வீடு வாங்கவாண்ணே வந்தோம்?" சித்தப்பா கோபமாகத் தெருவுக்கு இறங்கிப்போய் வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணினார்.

அப்பா மட்டும் படிக்கட்டுக்கு நேர் கீழே வந்து நின்றார்.

"பின்கதவு சந்துக்குத்தான் போகுது. அதுக்குப் பூட்டு போட வேணாம். தெறந்தே கெடக்கட்டும்."

இதை மட்டும் அப்பா சத்தம் போட்டுச் சொன்னார்.