மருதாயி பேரில் வந்த மருந்து

இரண்டாயிரத்து மூன்றிலும் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து அங்கம்மாவுக்கு அடையாள அட்டை வந்தபாடில்லை. மார்புக் கட்டிக்குக் கொழும்பிலிருந்து வரவழைக்கும் புது மருந்துக்குப் பதுளை கிளினிக்கில் அட்டை இலக்கம் கேட்டார்கள். அவள் தங்கச்சி மருதாயியின் அட்டையை நீட்டினாள். இருவருக்கும் ஒரே முகஜாடை. அன்றிலிருந்து கிளினிக்கில் அவள் மருதாயிதான்.

"மருந்து கொழுப்புக் குமிழிக்குள்ள இருக்கு, அம்மா. உடம்பெல்லாம் சுத்தாது, போக வேண்டிய இடத்துக்கே போகும்," என்றார் டொக்டர் துவாரகா. "ரெண்டு நாளைக்குச் சலம் சிவப்பாப் போகும், பயப்பிடாதேங்கோ."

சிவப்பு மருந்து சொட்டுச் சொட்டாக அவள் கையில் இறங்கியது. ஆனால் அவளுக்குச் சிறுநீர் எப்போதும்போலவே போனது. மறுநாள் மாலை கொழுந்தெடுத்துவிட்டு வந்த மருதாயி கூடையை இறக்காமலே, "அக்கா, நேத்திலருந்து எனக்குச் செவப்பாப் போவுதுக்கா," என்றாள்.

அங்கம்மா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

அடுத்த மாதம் இருவரும் சேர்ந்தே போனார்கள்.

"மருதாயி, கைய நீட்டுங்க," என்றாள் தாதி.

அங்கம்மா நீட்டினாள். ஊசி ஏறியது, வலிக்கவே இல்லை. பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த தங்கச்சி "ஸ்ஸ்" என்று தன் முழங்கை மடிப்பைப் பொத்திக்கொண்டாள்.