நாற்றம் போகும்வரை

கிடாரின் வாய்க்குள் அரிசியைப் போடுகிறாள்.

இரண்டு கைப்பிடி. துளையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குலுக்குகிறாள். கவிழ்த்தால் அரிசியோடு தூசி வருகிறது. எலிப் புழுக்கை வருகிறது. எலி கடித்துக் கூடு கட்டிய காகிதத் துணுக்குகள் வருகின்றன.

ஒரு துணுக்கில் அவளுடைய கையெழுத்து. கல்யாணத்துக்கு முன் சர்ச்சில் வாசித்த ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பாட்டின் பாதி வரி.

படிக்காமல் குப்பையில் போடுகிறாள்.

ஒன்பது வருடம் மச்சில் கிடந்த கிடார். எப்போதோ ஓர் எலி உள்ளே குடியேறி, அங்கேயே செத்தும் போயிருந்தது. முந்தாநாள் கணவன்தான் கீழே இறக்கினான். பெட்டியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"டாக்டர் மக கிடார் படிக்காளாம். அப்பாவுக்கு அவ்வளவு செஞ்ச மனுசன். நம்ம வீட்ல ஒண்ணு சும்மாதான கெடக்குன்னு சொல்லிட்டேன். நாத்தம் போச்சுன்னா சனிக்கிழம கொண்டு குடுத்துருதேன். போகலன்னா மச்சுலயே கெடக்கட்டும்."

இன்று சனிக்கிழமை.

எனக்கு வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். எதுக்கு என்று கேட்பான். கேட்பதில் தப்பில்லை. ஒன்பது வருடமாக அவள் அதைத் தொடவே இல்லை.

இந்த வீட்டில் வாசிக்காதே என்று யாரும் சொன்னதில்லை. முதல் வருடம் வீட்டில் ஒரு சாவு. அடுத்த வருடம் கைக்குழந்தை. அப்புறம் மாமனாரின் ஆபரேஷன். யாரும் தடுக்கவில்லை என்பதால் யாரோடும் சண்டை போடவும் முடியவில்லை.

பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கம்பிக்கட்டைகளின் இடுக்கைத் தேய்க்கிறாள். பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைக்கிறாள். நாற்றத்தை இழுக்க இரண்டு நாளாக உள்ளே தொங்கிய ஆப்பச்சோடா முடிச்சை வெளியே எடுக்கிறாள்.

வெயிலில் வைக்கவில்லை. வைத்தால் மரம் வெடித்துவிடும். வெளியே முற்றம் முழுக்க வெயிலில் நெத்திலி காய்கிறது. இந்தக் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகக் கருவாட்டு வியாபாரம். கிடார் மட்டும் நிழலில், மின்விசிறிக்குக் கீழே.

ஒரே ஒரு கம்பியை முறுக்கிப் பார்க்கிறாள். துருப்பிடித்த கம்பிதான். ஆனாலும் நிற்கிறது. மெல்லத் தட்டுகிறாள்.

இன்னொரு தடவை தட்டுகிறாள்.

குனிந்து துளைக்குள் மோந்து பார்க்கிறாள். நாற்றம் போயே போய்விட்டது. மரத்தின் வாசனை மட்டும்.

அப்போதுதான் உறைக்கிறது.

எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத புத்தி. கழுவச் சொன்னால் பளபளக்கும்வரை கழுவுகிற புத்தி. அதுவே இன்று அவளுக்குக் குழி பறித்துவிட்டது. கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தால் கிடார் இந்த வீட்டிலேயே இருந்திருக்கும்.

எழுந்து முற்றத்துக்குப் போகிறாள். மாமியார் அந்தக் கோடியில் காக்கை விரட்டிக்கொண்டிருக்கிறாள். நான்கு நெத்திலியை முந்தானையில் எடுத்துவந்து துளைக்குள் போடுகிறாள்.

செத்த எலிக்கும் கருவாட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். மூக்கிலிருந்து முந்தானையை எடுக்கவே இரண்டு மாதமானது.

குனிந்து மோந்து பார்க்கிறாள்.

ஒன்றுமில்லை.

நன்றாகக் காய்ந்த மீனாக இருக்கும். திரும்பப் போய், காய்ந்தும் காயாத வாளைமீன் துண்டு ஒன்றை எடுத்துவருகிறாள். கம்பியை விலக்கி உள்ளே தள்ளுகிறாள். காத்திருக்கிறாள்.

ஒன்றுமில்லை.

மூக்கைத் துளையோடு அழுத்தி மூச்சை இழுக்கிறாள். மரத்தின் வாசனைதான் வருகிறது.

வாசலில் பைக் நிற்கிற சத்தம். கணவன் உள்ளே வருகிறான். கிடாரை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்க்கிறான். போகவில்லை என்று அவன் சொல்லவேண்டும். வாழ்க்கையில் எதற்கும் இப்படி அவள் வேண்டிக்கொண்டதில்லை.

"ஒண்ணுமே இல்லியே. புதுசு மாதிரில்லா ஆக்கிட்ட."

அவன் சந்தோஷம் நிஜமான சந்தோஷம். பெட்டியில் வைக்கச் சாய்க்கும்போது உள்ளே ஏதோ உருள்கிறது.

"என்ன அது?"

"அரிசி. ஒண்ணு ரெண்டு வரமாட்டேங்கு."

பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு போகிறான். பைக் தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நிற்கிறாள்.

டாக்டர் வீட்டில் பெட்டியைத் திறந்ததுமே கருவாட்டு நாற்றம் தெரிந்துவிடும். கதவருகில் நிற்கிற ஆளுக்குக்கூடத் தெரியும். இந்த வீட்டில்தான் யாருக்கும் தெரியவில்லை. அவளையும் சேர்த்து.

உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோகிறாள். பிறகு சேலையை. பிறகு அவிழ்ந்து கிடக்கும் முடியை. எதிலும் ஒன்றும் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

போன மாதம் அம்மா வீட்டுக்குப் போனபோது தங்கை பிரிசில்லாதான் ரயில் நிலையத்துக்குக் கார் கொண்டுவந்தாள். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் பிரிசில்லா நான்கு ஜன்னல்களையும் இறக்கினாள்.

"காத்து நல்லா வருதுக்கா" என்றாள்.

வெளியே மே மாத வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.