ஸ்டுட்கார்ட்டில் நல்ல குளிர்

மணி இரண்டு ஆனதும் சுரேந்தர் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டான்.

விசிறி ஓடினால் அதன் கடகட சத்தம் போனில் கேட்கும். ஜெர்மனியில் எந்த விசிறி இப்படிக் கத்தும்?

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த லாட்ஜ் அறை அது. ஜூலை வெயில் கூரை வழியாகத் தலையில் இறங்கியது. சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தான். ஒன்பது நாளாக அவனுக்கு இதுதான் ஸ்டுட்கார்ட்.

ஓசூரில் அவன் வேலை பார்க்கும் கம்பெனி, புது மிஷின் பழகிவர இரண்டு பேரை ஜெர்மனிக்கு அனுப்புவதாக இருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள், ஒருவர் போதும் என்று முடிவாகிவிட்டது.

அந்த ஒருவர் சுரேந்தர் இல்லை.

அதற்குள் மாமியார் ஊரான சாமல்பட்டியில் மச்சான் இளம்பரிதி பேனர் வைத்துவிட்டான். 'ஜெர்மனி செல்லும் எங்கள் ஊர் மாப்பிள்ளையே, சென்று வா, வென்று வா!' கூலிங் கிளாஸ் போட்ட சுரேந்தர், அவன் தோளுக்கு மேலே ஒரு விமானம். காற்றுக்கு ஆடக்கூடாது என்று நாலு மூலையிலும் கட்டுக்கம்பி போட்டு முறுக்கி, ஊருக்குள் நுழையும் இடத்திலேயே கட்டியிருந்தான்.

மனைவி பொற்கொடி அங்கேதான் போயிருந்தாள். அந்தப் பேனருக்குக் கீழே பெட்டியோடு நடந்து போக அவனுக்குக் கால் வரவில்லை. ஓசூரில் இருக்கலாமென்றால் டீக்கடைக்கு டீக்கடை தெரிந்த முகம். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்து இறங்கிவிட்டான்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். நாளுக்கு ஒன்றாக அதுவும் இன்றோடு தீர்ந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில்கூட இவ்வளவு களைத்ததில்லை அவன்.

போன் அடித்தது. வீடியோவில் பொற்கொடி.

"சாப்டீங்களா? அங்க இப்ப காலையிலதான?"

"பத்தரை. ரொட்டிதான். செம குளுரு, பொற்கொடி."

காதோரம் வியர்வை வழிந்தது. துடைத்தால் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டான்.

குளிர் விஷயத்தில் மட்டும் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. முன்பு அங்கே போய்வந்த மானேஜர் முழங்கால் பனியில் நின்று எடுத்த போட்டோவை கம்பெனி மொத்தமும் பார்த்திருக்கிறது. அவர் போனது டிசம்பரில் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பொற்கொடி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"அந்த ஊர்ல இப்ப வெயிலு மண்டைய பொளக்குதாங்க. ஜனங்க ஃபவுண்டன்ல எறங்கி நிக்கறத டிவில காட்டுனான்."

"எப்ப பாத்த?"

"நீங்க போன மறுநாளே. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

சுரேந்தர் ஸ்வெட்டரின் கழுத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவமானமாக இருந்தது. அழவேண்டும் போலவும் இருந்தது.

"அப்புறம், ராத்திரி அடிச்ச காத்துல பேனரு விழுந்துருச்சு. தம்பி மறுபடியும் கட்டறேன்னான், வேணாம்னுட்டேன். எங்க இருந்தாலும் பொழுதோட வந்துருங்க."

கட்டுக்கம்பி காற்றுக்கு அறுந்ததாக அவன் கேள்விப்பட்டதே இல்லை.

அவள் போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். கட்டைவிரலில் மஞ்சள் வைத்துத் துணி சுற்றியிருந்தது.

அவன் எழுந்துபோய் விசிறியைப் போட்டான்.

கத்தட்டும்.