பல் கட்ட ஒரு வருடம்

கில்லீன் நகரத்து வீட்டில், டிசம்பர் வெயில் சாப்பாட்டு மேசையின் பாதியோடு நின்றுவிடுகிறது. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற வெர்னனின் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். காலடியில் அதன் இயந்திரம் பெருமூச்சு விட்டபடி இருக்கிறது. மேசைமேல், அவரால் இப்போது கடிக்க முடியாத பெக்கான் கொட்டைகள். மனைவி ஒடெல் கணினியில் பல் காப்பீட்டுத் திட்டங்களைப் பார்க்கிறாள். "இதுல பல்லே கட்டிக்கலாம். ஆனா ஒரு வருஷம் காத்திருக்கணும்." வெர்னன் சொல்கிறார்: "சும்மா பல்லு சுத்தம் பண்றதுக்கு மட்டும் உள்ளதை எடு. டாக்டர் எனக்குக் கோடை வரைக்கும்தானே நாள் சொன்னாரு?" அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பட்டாளத்துல எதுக்கெடுத்தாலும் வரிசையில நின்ன ஆளுதானே. இதுக்கும் நில்லுங்க." அவர் நாக்கு, பல் இல்லாத ஈறைத் தடவித் தடவிப் பார்க்கிறது. இயந்திரம் இரண்டு முறை பெருமூச்சு விடுகிறது. "சரி, அதையே எடு," என்கிறார். "கொட்டையில எனக்குக் கொஞ்சம் எடுத்து வை."