ஜப்பான் பிறேக்

"நளீர் நானா, மறைக்காமச் சொல்லுங்க. இந்த டிஸ்க் பிறேக் எந்தக் கார்ல கழட்டினது?"

மொறிஸ் மைனரின் முன் சில்லுக்கு நட்டு இறுக்கிக்கொண்டிருந்த நளீரின் கை ஒரு கணம் நின்றது. காரின் சொந்தக்காரன் உதயரூபன் இதைக் கேட்பது மூன்றாவது தடவை.

"ஜப்பான்ல இருந்து பெட்டியோட வந்த சாமான் தம்பி. எத்தின தரம் சொல்ற?"

ஏறாவூரில் முப்பது வருடமாக கராஜ் வைத்திருப்பவர் நளீர். இந்தத் தொழிலில் பழைய சாமானுக்குப் பிறந்த ஊர் ஒன்றுதான், அது ஜப்பான். அடிபட்ட வண்டியில் கழற்றியது என்று வாய் தவறிச் சொன்னால் போதும், ராசியில்லாத சாமான் என்று ஆள் திரும்பிப் பாராமல் போய்விடுவான்.

இந்த பிறேக்கோ, ஓட்டமாவடி பழைய இரும்புக் கடையில் நசுங்கிக் கிடந்த காரொன்றிலிருந்து அவரே கழற்றியது. அதை மொறிஸில் பொருத்த லேத்தில் துண்டு கடைந்து, அளவு பார்த்து, திரும்பக் கடைந்து மூன்று கிழமை பாடுபட்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அத்தனையையும் கழற்றச் சொல்வான்.

"அப்ப ஜப்பான்தானா?" உதயரூபனின் முகம் வாடிவிட்டது.

நல்ல சாமான் என்று சொன்னால் வாடுகிற முகத்தை நளீர் இப்போதுதான் பார்க்கிறார்.

"தேற்றாத்தீவுல இருந்து இங்க வாற வழியில எத்தின கராஜ் இருக்கி. எல்லாத்தையும் தாண்டி என்னத் தேடி வந்திருக்கீங்க. நம்பிக்க இல்லாமலா?"

"நம்பித்தான் வந்தன், நானா."

"அப்ப ஏறுங்க. ஓடிப் பாப்பம்."

உதயரூபன் தபால்கந்தோரில் வேலை செய்பவன். கார், மாமனார் சீதனத்தோடு சேர்த்துத் தள்ளிவிட்டது. அவன் முன்னால் ஏற, ஏழு வயது மகள் விதுர்ஷா பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

வாவியோர வீதி வெறிச்சென்று கிடந்தது. எந்த பிறேக்கையும் நளீர் சோதிக்கிற முறை ஒன்றுதான். வீதிக்குக் குறுக்கே வெண்கட்டியால் ஒரு கோடு, அதற்குக் கொஞ்சம் முன்னால் ஓரத்தில் ஒரு கல். கல்லடியில் மிதித்தால் வண்டி கோட்டைத் தொடாமல் நிற்க வேண்டும்.

"உங்கட பழைய பிறேக், தேற்றாத்தீவுல மிதிச்சா களுவாஞ்சிகுடியிலதான் நிக்கும். இப்பப் பாருங்க" என்றபடி வேகம் பிடித்தவர், கல் வந்ததும் மிதித்தார்.

சில்லுகள் கிறீச்சிட்டன. விதுர்ஷா கண்களைப் பொத்திக்கொண்டாள். மொறிஸ் அப்படியே நின்றது.

நளீர் இறங்கிக் கையால் அளந்தார். கோட்டுக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண். தன் வேலையை நினைக்க அவருக்கே பெருமையாக இருந்தது.

திரும்பிப் பார்த்தால், பிள்ளை இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. நாளைக்கு இந்தப் பச்சைப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஓடப்போகிற வண்டி. அதன் பிறேக்கைப் பற்றியா பொய் சொல்லி வைத்திருக்கிறோம்?

"தம்பி, அல்லாவுக்காக மன்னிச்சுக்கங்க. ஜப்பான் எண்டது பொய். இது அடிபட்ட கார்ட சாமான்தான். ஒரு வெள்ளை சன்னிக் கார். உங்கட ஊர் மெயின் றோட்டுல திடீரெண்டு நிப்பாட்டியிருக்காரு, பின்னால வந்த லொறி ஏறிட்டு. கார ஓட்டினவர் தப்பிட்டாராம். கார்ட பின்பக்கம் பப்படமாப் போச்சு, முன்பக்கத்துல ஒரு கீறலும் இல்ல. அத நம்பித்தான் கழட்டினன். வேணாமெண்டாச் சொல்லுங்க, இப்பவே கழட்டுறன்."

உதயரூபன் இறங்கினான். கத்தப்போகிறான் என்று நளீர் காத்திருந்தார். அவனோ முன் சில்லடியில் குந்தி, அதன்மேல் மெல்லக் கையை வைத்தான். கண் கலங்கியிருந்தது.

"நாலு மாசமா இதத்தான் தேடித் திரிஞ்சன், நானா. ஓட்டமாவடியில விசாரிச்சு, நீங்க கழட்டினதா அறிஞ்சுதான் வந்தன். வெள்ளை சன்னிட பிறேக்கா எண்டு நான் கேட்டா, எந்தக் கராஜ்காரனும் 'ஓம், அதுதான்' எண்டுதானே சொல்லுவான்? உங்கட வாயால வரட்டும் எண்டு இருந்தன்."

"அடிபட்ட கார்ட பிறேக்க என்னத்துக்குத் தம்பி தேடின?"

உதயரூபன் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கோட்டுக்கும் காருக்கும் இடையில் கிடந்த வெற்றுத் தார் வீதியைக் காட்டினான்.

"அண்டைக்கும் இதே ஒரு சாண்தான், நானா... அந்தக் காருக்கும் எங்கட இவளுக்கும் நடுவுல."